பாலில் மறைந்திருப்பது



பால் என்ற சொல்லுக்கு எங்கள் வாழ்க்கையிலே ஒரு தனித் தூய்மை உண்டு. புதுமனை புகும்போது பொங்கி வழியவிடுவது பால். ஆலயத்தில் ஆண்டவன் திருமேனிக்குச் சொரிவது பால். ஒருவனைக் களங்கமற்றவன் என்று சொல்லவேண்டின், அவன் மனம் பாலைப் போன்றது என்கிறோம். இத்தகைய பாலும், அதனின்று ஆக்கப்படும் தயிர், நெய், பாற்கட்டி, யோகட், ஐஸ்கிறீம் முதலிய பண்டங்களும் சில பிள்ளைகளின் உயிருக்கே உலைவைக்கக்கூடும் என்று சொன்னால் நம்புவோர் சிலராகவே இருப்பர். அதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. பாற்பண்டம் ஒன்றினுள்ளே கச்சானோ, முட்டையோ, கோதுமையோ, சோயாவோ கலந்திருக்கும். ஆனால் அதன் மேலுறையில் அப்பெயர் இருக்காது. பால் சேரவில்லை என்று நாம் நம்பும் பண்டத்தினுள்ளே பாலே மறைந்திருக்கும். அங்ஙனம் சொல்லாமல் விடப்படும் பொருளைப் பற்றியும், அதனின்று எங்கள் பிள்ளைகளைக் காக்கும் வழிகளைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றேன்.

முதலில், ஒவ்வாமை என்பது யாது? எமது உடலினுள்ளே நோய்க்கிருமிகளை எதிர்த்து நிற்கும் காவற்படை ஒன்று இருக்கின்றது. அது பகைவனைக் கண்டால் போரிடும். உறவினனைக் கண்டால் வழிவிடும். சிலருடைய உடலில் இக்காவற்படை ஆளை மாறிக் கருதிவிடுகின்றது. வீட்டுக்கு வந்த மாமனைக் கள்வன் என்றெண்ணி ஊர் முழுவதையும் திரட்டும் காவலாளியைப்போல, நல்லுணவாகிய பாலின் புரதத்தைப் பகையென்று கருதி உடல் முழுவதையும் கலக்கிவிடுகின்றது. 1902ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டு அறிஞர்களாகிய சார்ள்ஸ் றிசே, போல் போர்த்தியே ஆகிய இருவரும் இத்தகைய கடுந்தாக்கத்தை ஆராய்ந்து வெளியிட்டனர். றிசே அதன்பொருட்டு 1913இல் நோபல் பரிசு பெற்றார். ஒஸ்திரிய நாட்டு வைத்தியர் கிளெமென்ஸ் வொன் பிர்க்கே 1906இல் இந்நிலைக்கு 'அலர்ஜி' என்று பெயரிட்டார். நாம் அதனை ஒவ்வாமை என்கிறோம்.

இவ்விடத்தில் இரண்டு மயக்கங்களை நீக்கிவிட வேண்டும். பால் குடித்தால் வயிறு பொருமுகின்றது, பேதியாகின்றது என்று சொல்வோர் எம்மிடையே பலர். அவர்களுட் பெரும்பாலாருக்குப் பாலிலுள்ள லக்ரோசு என்னும் சர்க்கரை செரிப்பதில்லை. அது தொல்லை தருவது, உயிரைப் பறிப்பதன்று. பாலின் புரதத்துக்கு ஏற்படும் ஒவ்வாமையோ முற்றிலும் வேறானது. சிறிதளவு உட்சென்றாலும் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் வீழ்த்தவல்லது.

மற்றைய மயக்கம், பழுதான பாலையும் ஒவ்வாத பாலையும் ஒன்றென எண்ணுவது. 2008ஆம் ஆண்டிலே சீன நாட்டில் குழந்தைகளுக்குரிய பால்மாவில் மெலமின் என்னும் இரசாயனப் பொருள் கலக்கப்பட்டது வெளியாயிற்று. ஆறு குழந்தைகள் இறந்தன; ஏறக்குறைய மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றன. அது எல்லோருக்கும் நஞ்சு. ஒவ்வாமைப் பொருளோ தொண்ணூற்றொன்பது பேருக்கு நல்ல உணவு. நூறாவது பிள்ளைக்கு மட்டுமே நஞ்சு. ஆகவேதான் அதை மோந்தறிய முடியாது, சுவைத்தறிய முடியாது, மற்றைய தொண்ணூற்றொன்பது பேரும் நலமாய் இருப்பதைக் கண்டு தெளியவும் முடியாது. எழுத்தும் சொல்லுமே அப்பிள்ளைக்குக் காவல். மேலுறையில் உள்ளது எழுதப்பட வேண்டும். கேட்பவருக்கு உள்ளது சொல்லப்பட வேண்டும். அவ்விரண்டும் தவறும்போது அப்பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றுக்கட்டில் நடப்பதற்கு ஒப்பாகும்.

எழுத்து எப்படித் தவறுகின்றது? பெரும்பாலும் யாரும் வஞ்சகமாக மறைப்பதில்லை. ஒரே இயந்திரத்தில் முதலிற் கச்சானும் சொக்கிலேற்றும் சேர்ந்த ஐஸ்கிறீம் ஓடும். அடுத்து வனிலா ஓடும். இடையிலே இயந்திரத்தைக் கழுவியது போதாவிட்டால் முதலாவதின் எச்சம் இரண்டாவதினுட் புகும். இன்னோரிடத்தில், ஒரு வகைக்குரிய மூடியையோ பெட்டியையோ வேறொரு வகைக்கு இட்டுவிடுவர். வேறோரிடத்தில், செய்முறை மாறியிருக்கும். பழைய உறைகள் தீரும்வரை அவற்றையே பயன்படுத்துவர். மற்றோரிடத்தில், தயாரிப்பாளர் வாங்கிச் சேர்க்கும் சுவைக்கலவையிலோ கெட்டிப்படுத்தும் மாவிலோ அவரே அறியாத ஒரு பொருள் இருக்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே விற்பனைக்கு வந்த உணவுகள் திரும்பப் பெறப்படுவதற்குரிய முதன்மையான காரணங்களுள், உறையிற் சொல்லப்படாத ஒவ்வாமைப் பொருளும் ஒன்று. மிகுந்த சட்டதிட்டங்கள் உள்ள நாட்டிலேயே இந்நிலை என்றால், நாம் எவ்வளவு விழிப்பாக இருத்தல் வேண்டும்!

காய்ச்சினால் எல்லாம் போய்விடும் என்று எங்கள் தாய்மார் எண்ணுவதுண்டு. காய்ச்சுதல் கிருமியைக் கொல்லும், ஒவ்வாமையைப் போக்காது. பாற்புரதத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்காகிய கேசீன் கொதிக்கும் வெப்பத்தையும் தாங்கி நிற்பது. கச்சானின் புரதமும் வறுப்பதனால் அழிவதன்று.

இனி, நான் ஓர் அதிபர் என்ற முறையில் என் மனத்தை மிகவும் உறுத்திய ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். இது நடந்தது கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்தில். அம்மாகாணம் எங்களுக்கு அந்நியமானதன்று; வலிகாமத்திலே எத்தனையோ இல்லங்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கேதான் படிக்கின்றனர். 2003ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாத இறுதியிலே, பெம்புரோக் என்னும் நகரில், சப்ரீனா என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி தன் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கி உண்டாள். பாலும் சோயாவும் கச்சானும் தனக்கு ஆகா என்பதை அவள் நன்கு அறிவாள். கிழங்கு எந்த எண்ணெயிற் பொரிக்கப்பட்டது என்று கேட்டறிந்தே உண்டாள். எண்ணெயிற் குற்றமில்லை, கிழங்கிலும் குற்றமில்லை. கிழங்கை அள்ளிய இடுக்கியே முன்னர்ப் பாற்கட்டியைத் தொட்டிருக்க வேண்டும் என்று பின்னர்க் கருதப்பட்டது. வகுப்பறையில் மூச்சு முட்டியது. ஆஸ்த்துமா என்றே அவள் எண்ணினாள். உயிர்காக்கும் ஊசிமருந்து அவளுடைய பெட்டகத்தினுள் இருந்தது. ஆசிரியர் ஒருவர் ஓடிச் சென்று அதனைக் கொண்டுவருமுன் காலம் கடந்துவிட்டது.

நேயர்களே, இதிற் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அச்சிறுமி தன் இறப்புக்குச் சில ஆண்டுகள் முன்னர், கனடிய வானொலியிலே, ஒவ்வாமையோடு வாழ்வது எப்படி இருக்கும் என்பதைத் தன் சொந்தக் குரலிலே சொல்லியிருந்தாள். அவள் மறைந்த பின்னரும் அந்தக் குரல் ஒலித்தது. சட்டமியற்றுவோர் செவிகளிலும் வீழ்ந்தது. 2005இல் ஒன்ராறியோச் சட்டசபை ஒரு சட்டம் இயற்றியது. 'சப்ரீனாவின் சட்டம்' என்றே அது வழங்குகின்றது. 2006 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம், ஒவ்வாமையுள்ள ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனித் திட்டம் வகுத்து வைத்தல் அங்குள்ள அதிபரின் கடமையாயிற்று. ஆசிரியர்களுக்கு இதிற் பயிற்சி கொடுத்தலும் கட்டாயமாயிற்று. எங்கள் நாட்டுப் பாடசாலைகளும் அந்த ஒழுங்கைப் பின்பற்றுவதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் தேவையில்லை. ஒரு கொப்பியும், அதைப் பார்க்கும் பழக்கமும் போதும்.

இன்னொரு நிகழ்ச்சி இங்கிலாந்தில் நடந்தது. 2017ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் திகதி, பாத் நகரத்திலே, பால் ஒவ்வாமையுடைய நாற்பத்திரண்டு வயதுத் தாய் ஒருவர், கடையொன்றில் மரக்கறி வைத்த றொட்டிச் சுருள் ஒன்றை வாங்கி உண்டார். அதிலே சேர்ந்திருந்தது பாலற்ற யோகட், தேங்காயிலிருந்து ஆக்கியது. அவர் அன்றே இறந்தார். விசாரணை 2022இல் முடிந்தபோது உண்மை தெளிவாயிற்று. யோகட்டைக் கெட்டிப்படுத்தச் சேர்த்த மாப்பொருள், அது உற்பத்தியான தொழிற்சாலையிலேயே பாற்புரதத்தின் தொடர்பு பட்டிருந்தது. யோகட் செய்தவர் அந்த அபாயத்தைக் கடைக்காரருக்குத் தெரிவிக்கவில்லை, உண்டவரோ உயிரிழந்தார். சங்கிலியிலே எங்கோ ஒரு கண்ணி நழுவினால் அதன் சுமை முழுவதும் கடைசியில் நிற்பவர் தலையிலேயே விழுகின்றது.

தேங்காய் என்றதும் எங்கள் அடுக்களை நினைவுக்கு வருகின்றதன்றோ? நாம் துருவிப் பிழியும் தேங்காய்ப்பாலிலே மாட்டுப்பாலின் புரதம் கிடையாது. ஆனாற் பைகளில் வரும் தேங்காய்ப்பால் மாவிற் பலவற்றிலே, நீரில் எளிதாகக் கரைவதற்காகக் கேசினேற் என்னும் பாற்புரதம் சேர்க்கப்படுவதுண்டு. பெயரைக் கேட்டுத் தேங்காய்தானே என்று ஊற்றிக் கறி ஆக்கினால், பால் ஆகாத பிள்ளைக்குப் பாலையே ஊட்டியதாகும்.

இன்னுமொன்று. பசும்பால் ஆகாவிட்டால் ஆட்டுப்பால் கொடுக்கலாம் என்பது எங்கள் ஊர்களில் வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை. ஆட்டுப்பாலின் புரதமும் எருமைப்பாலின் புரதமும் பசும்பாற் புரதத்தை மிகவும் ஒத்தவை. பசும்பால் ஒவ்வாத பிள்ளைகளுட் பெரும்பாலாருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. அயலார் அன்போடு சொல்லும் யோசனைதான். ஆயினும் வைத்தியரைக் கேளாமல் அதனைக் கைக்கொள்ளுதல் கூடாது. அவ்வாறே நெய்யிற் பால் இல்லை என்று எண்ணுதலும் தவறு. உருக்கிய நெய்யிலும் புரதத்தின் எச்சம் தங்கியிருக்கக்கூடும்.

எங்கள் பாடசாலையிலே ஒரு தை மாதம் புதிய மாணாக்கரைச் சேர்த்துக்கொண்டிருந்த நேரம், தாய் ஒருவர் தம் மகனுடன் வந்தார். படிவங்களை நிரப்பியபின் ஒரு சிறு கடதாசியை நீட்டினார். "ஐயா, இவனுக்குக் கச்சான் ஆகாது. ஒருமுறை ஐஸ்கிறீம் குடித்து முகம் வீங்கி, இழுப்பு வந்து, ஆசுப்பத்திரியிலே மூன்று நாள் வைத்திருந்தோம். நாங்கள் வாங்கிக் கொடுத்தது வெறும் வனிலாதான்" என்றார். கரண்டி ஒன்றே, அதைத் தோய்த்து வைத்த தண்ணீரும் ஒன்றே. கச்சான் தூவிய கிண்ணத்துக்கு அள்ளிய கரண்டியால் அடுத்த பிள்ளைக்கும் அள்ளினர். விற்றவரை அந்தத் தாய் குறைகூறவில்லை. "கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது, ஐயா" என்று மட்டும் சொன்னார். அந்தக் கடதாசியைப் பிரதி செய்து வகுப்பாசிரியரிடம் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று, சிற்றுண்டிச்சாலை நடத்துபவரிடம் ஒன்று எனக் கொடுத்து வைத்தோம். ஒரு பிள்ளைக்காகத் தொடங்கிய அவ்வொழுங்கு இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று.

நல்லூர்க் கந்தன் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களிலும், வெயில் தணிந்த மாலைகளில் ஐஸ்கிறீம் உண்ணாத பிள்ளை எங்கள் குடாநாட்டில் உண்டோ? அந்த இன்பத்தைப் பறிக்க நான் இங்கு வரவில்லை. ஆனால் கிண்ணத்தில் அள்ளி விற்கும் பண்டத்துக்கு உறையில்லை. உறையில்லாதபோது எழுத்தும் இல்லை. அவ்விடத்திற் கேள்வியொன்றே காவல். ஒவ்வாமையுள்ள பிள்ளைக்கு அள்ளித் தருவதிலும் உறையிட்டு வருவதே மேலானது.

உறையிட்டதை எவ்வாறு வாங்குவது? சுட்டுத்துண்டு, அதாவது கடையிலே லேபல் என்று சொல்லும் அந்தச் சிறு எழுத்து, அலங்காரத்துக்கு ஒட்டப்பட்டதன்று. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் 1963இல் ஏற்படுத்திய கோடெக்ஸ் என்னும் உணவுத் தரச் சபை, எப்பொழுதும் வெளிப்படையாகச் சொல்லப்படவேண்டிய பொருள்களை 1999இலேயே வரிசைப்படுத்தியது. கோதுமை முதலிய பசைத்தன்மையுள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, முட்டை, மீன், கச்சானும் சோயாவும், பால், மரமுந்திரிகை போன்ற மரக்கொட்டைகள், கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்குக் குறையாத சல்பைற்று என்பன அவை. இந்தியா 2020ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளில் இவற்றை வெளிப்படுத்தக் கட்டளையிட்டது. அமெரிக்கா 2023இல் எள்ளையும் சேர்த்துக்கொண்டது. இலங்கையிலே உணவைப் பற்றிய மூலச்சட்டம் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். அதன்கீழ்ச் சுட்டுத்துண்டு பற்றிய ஒழுங்குவிதிகளும் உள்ளன.

ஆயினும் பெயர்கள் சில வேளைகளில் வேடம் பூண்டு வரும். கேசீன், கேசினேற், வே, லக்ரல்புமின் என்றிருந்தால் அது பால். அல்புமின் என்று மட்டும் இருந்தால் முட்டையாக இருக்கலாம். சில பாற்கட்டிகளிற் சேர்க்கும் லைசோசைம் என்பதும் முட்டையின் வெண்கருவிலிருந்து எடுக்கப்படுவதே. லெசிதின் என்பது பெரும்பாலும் சோயா. இச்சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டிவைத்தல் நன்று. சுட்டுத்துண்டைக் கடையில் ஒருமுறை, வீட்டில் வைக்கும்போது ஒருமுறை, பிள்ளைக்குக் கொடுக்குமுன் ஒருமுறை என மும்முறை வாசியுங்கள். சென்ற மாதம் வாங்கிய அதே பண்டம்தானே என்று விட்டுவிடாதீர்கள், செய்முறை மாறியிருக்கலாம். "கச்சான் கையாளும் இடத்தில் ஆக்கப்பட்டது" என்ற வாசகம் காணப்பட்டால், அதனை வெறும் சம்பிரதாயம் என்று கருதாமல் அப்பண்டத்தைத் தவிர்த்துவிடுங்கள். எழுத்து அழிந்திருந்தாலோ, உங்களுக்கு விளங்காத மொழியில் இருந்தாலோ, அப்பிள்ளைக்கு அதனைக் கொடாதிருப்பதே அறிவு.

இத்தனை காவலையும் மீறி ஒரு நாள் தாக்கம் ஏற்பட்டுவிட்டால் என் செய்வது? பெரும்பாலும் உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் குறிகள் தோன்றும். உடலிலே தடிப்பும் அரிப்பும், உதடும் கண்ணிமையும் வீங்குதல், வாந்தி, வயிற்றுவலி, குரல் கம்முதல், இழுப்பு, மயக்கம் என்பன அவை. மூச்சோ குரலோ நினைவோ தடுமாறினால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. வைத்தியர் முன்னரே அட்றினலின் ஊசி கொடுத்திருப்பின், அதனை உடனே தொடையின் வெளிப்புறத்தில் ஏற்றுதல் வேண்டும். அதுவே முதல் மருந்து. அரிப்புக்குக் கொடுக்கும் குளிசை அதற்கு ஈடாகாது. பிள்ளையைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். மூச்செடுக்க இயலாவிட்டால் இருத்தி வையுங்கள். எழுந்து நடக்கவிடாதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழையுங்கள். 2018ஆம் ஆண்டு தொடக்கம் அந்த இலவச அம்புலன்ஸ் சேவை வட மாகாணத்துக்கும் வருகின்றது. குறிகள் தணிந்துவிட்டன என்று வழியில் திரும்பிவிடவும் கூடாது. சில மணித்தியாலங்களின் பின் அவை மீண்டும் எழுவதுண்டு. வைத்தியசாலையில் வைத்தியர் போகச் சொல்லும்வரை இருங்கள். உண்ட பண்டத்தின் உறையை எறிந்துவிடாமல் கையோடு கொண்டு செல்லுங்கள். பின்னர் அதனை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டி முறையிடுங்கள். நீங்கள் முறையிடாவிட்டால் அதே உறை அடுத்த வீட்டுப் பிள்ளையையும் ஏமாற்றும்.

இவ்வளவும் கேட்ட தாய்மார் அஞ்சி, நாளைக்கே பிள்ளையின் பாலை நிறுத்திவிடக்கூடாது. ஒருமுறை வாந்தியெடுத்ததைக் கொண்டு ஒவ்வாமை என்று தாமே முடிவு கட்டுதல் தவறு. வளரும் பிள்ளைக்குப் பால் சிறந்த உணவு. காரணமின்றி அதனை விலக்குதல் ஊட்டக்குறைவைத் தரும். வைத்தியர் ஆராய்ந்து சொல்லட்டும். பால் ஒவ்வாத குழந்தைகளுட் பெரும்பாலார் வளர வளர அதனின்று விடுபடுகின்றனர் என்பதும் ஆறுதலான செய்தி. ஆனால் விடுபட்டுவிட்டதா என்பதைச் சோதித்துப் பார்ப்பது வைத்தியர் முன்னிலையிலேயன்றி வீட்டில் அன்று.

கடைக்காரருக்கும், வீட்டிலிருந்தே யோகட்டும் ஐஸ்கிறீமும் ஆக்கி விற்கும் தாய்மாருக்கும் ஒரு வேண்டுகோள். கச்சானும் மரமுந்திரிகையும் சேர்த்தவற்றை நாளின் கடைசியில் ஆக்குங்கள். அவற்றுக்கெனத் தனிக் கரண்டியும் தனிப் பாத்திரமும் வையுங்கள். உள்ளதைத் தமிழில், வாசிக்கத்தக்க அளவில் எழுதி ஒட்டுங்கள். யாராவது கேட்டால், "ஒன்றுமில்லை, பயப்படாமல் கொடுங்கள்" என்று சொல்லாதீர்கள். "எனக்கு நிச்சயமில்லை" என்று சொல்வதால் ஒரு கிண்ண வியாபாரம் போகலாம். ஒரு பிள்ளை பிழைக்கும்.

நான் இருக்கும் பண்டத்தரிப்பிலே, 1820ஆம் ஆண்டளவில், அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் வந்து தங்கி நோயாளருக்கு மருத்துவம் செய்தார். பின்னர் 1847இல் இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே மாணாக்கருக்கு மருத்துவம் கற்பித்தார். நோயாளிக்கு விளங்கும் மொழியிற் சொல்லப்படாத மருத்துவம் பாதி மருத்துவமே என்பதை அவர் உணர்ந்திருந்தார். உடலின் ஒவ்வொரு நரம்புக்கும் தமிழிலே பெயர் தேடிய இந்த மண்ணில், ஒரு யோகட் கிண்ணத்தினுள் இருப்பதைத் தமிழில் எழுதி ஒட்டுவது பெரிய காரியமா?

நேயர்களே, ஒவ்வாமையுள்ள பிள்ளை எம்மிடம் தனி உபசாரம் ஒன்றையும் வேண்டவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்றே வேண்டுகின்றது. பந்தியிலே பாயசம் வார்க்கும்போதும், பாடசாலையிற் பிறந்தநாட் கேக் பகிரும்போதும், கோயிலில் பிரசாதம் கொடுக்கும்போதும், "இதில் இன்னது சேர்ந்திருக்கின்றது" என்று ஒரு வார்த்தை சொல்லும் வழக்கத்தை நாம் இன்றே தொடங்கலாம். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அப்பிள்ளை கையை நீட்டுகின்றது.